ஜெயாவின் நெஞ்சும் நாலாம் தண்ணித் தேயிலையும்

"அம்பத்தொம்பது வருசத்துல எவன்கிட்டயும் நான் 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னதில்ல. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லலா."

மேற்படி அறிவிப்பை இருளப்பன் கங்காணி வெளியிட்ட இடம் கேமரன் மலையின் ரிங்லெட் டவுனில் அப்துல் சுக்கூர் பாயின் சாப்பாட்டுக் கடை. நேரம், இரண்டாவது ரொட்டி சானாய் பரோட்டாவுக்கும் முதல் ஏப்பத்துக்கும் இடைப்பட்ட காலம். உடனிருந்தோர் நால்வர். மறுத்துப் பேசியவர் எவருமில்லை. மறுப்பதற்குத் தேவையான இடைவெளியை இருளப்பன் யாருக்கும் கொடுத்துப் பழகியவரல்லர்.

ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ஆறாம் வகுப்பு வரை படித்து, பதினாறு வயதில் மருந்தடிக்கும் வேலையில் சேர்ந்து, முப்பத்தைந்தில் கங்காணி ஆனவர் அவர். சம்பளச் சீட்டில் 'சூப்பர்வைசர்' என்றுதான் இருக்கிறது. தோட்டத்தில் யாரும் சம்பளச் சீட்டைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவதில்லை. கிள்ளானிலிருந்து வந்த இருபத்தொன்பது வயது மானேஜர் தினேஸ்வரன், காதில் எந்நேரமும் பாட்டுக் கருவி செருகியிருப்பவர், அவரும் இங்கே 'துரை'தான்.

இருளப்பனின் கீழே இருபத்திரண்டு பேர் கொழுந்து எடுத்தார்கள். பதினாறு வங்காளதேசிகள், இரண்டு நேப்பாளிகள், நான்கு தமிழ்ப் பெண்கள். வங்காளதேசத்துப் பையன்கள் தோட்டத்துக்கு வந்து முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் வாக்கியம், "ஆமா கங்காணி." இரண்டாவது வாக்கியம் ஒன்றைக் கற்கவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய ஞானத்துக்கு அடித்தளம் இட்டது ஒரு விபத்து. இருபது வருடங்களுக்கு முன்பு தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரம் நின்றுபோனது. ஈப்போவிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு நாள் கழற்றி மாட்டினார். வேடிக்கை பார்க்கப் போன இருளப்பன், "பேரிங் போயிருக்கும்" என்றார். பேரிங்தான் போயிருந்தது. அன்று முதல் கேமரன் மலையில் எது நின்றாலும் அவருக்கு அது பேரிங். துணி துவைக்கும் மெஷின், பக்கத்து வீட்டு மோட்டார், கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்பு. மனிதர்களுக்கு மட்டும் பேரிங் இல்லை என்பதால் அவர்களுக்கு வாயு. தலைவலி, முட்டிவலி, மறதி, மருமகளோடு சண்டை, எல்லாம் வாயு.

ஆகவே, அவர் மனைவி ஜெயாவுக்கு நெஞ்சு பிடித்தபோது அது என்னவென்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஜெயாவுக்கு ஐம்பத்தாறு வயது. கத்தரி போட்டுக் கொழுந்து வெட்டுவதில் அந்தத் தோட்டத்தில் அவள் கைக்கு இணையான கை இல்லை. ஏழாம் நம்பர் மலை, தோட்டத்திலேயே செங்குத்தானது. வங்காளதேசத்துப் பையன்களே அங்கே போகும் நாளில் காலையில் கடவுளை ஒருமுறை கூடுதலாகக் கும்பிடுவார்கள். அந்த மலையில் பாதி ஏறியதும் நடுநெஞ்சை யாரோ கைக்குள் வைத்து இறுக்குவதுபோல அவளுக்கு இருக்கும். நிற்பாள். இரண்டு நிமிடத்தில் கை விட்டுவிடும். மறுபடி ஏறுவாள். நிற்கும் நேரத்தில் சும்மா நிற்பதாகத் தெரியக்கூடாது என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவாள்.

கங்காணி கீழேயிருந்து கத்துவார். "என்னா ஜெயா, மலமேல நின்னு பூச்சூட்டிக்கிறியா?"

மற்ற மூன்று பெண்களும் சிரிப்பார்கள். ஜெயாவும் சிரிப்பாள். மூச்சு திரும்பியிருந்தால்.

இஞ்சி, பூண்டு, ஓமத்தண்ணீர் என்று நான்கு மாதம் வாயுவுக்கு எதிரான போர் நடந்தது. வாயு தோற்கவில்லை. ஒருநாள் துரை காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், சரிவில் உட்கார்ந்து நெஞ்சில் கைவைத்திருந்த ஜெயாவைக் கண்டு, காதிலிருந்ததைக் கழற்றினார். பாட்டை நிறுத்தி அவர் ஒருவரைப் பார்த்தது அதுவே முதல் தடவை என்கிறார்கள். தோட்டத்து மருந்தக டிரசர், பிறகு டவுன் கிளினிக், பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் என்று காரியம் மளமளவென நடந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. நெஞ்சுக்கு ரிப்போர்ட் வரும்வரை ஜெயா மலை ஏறக்கூடாது. நாற்றுப்பண்ணையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்ப வேண்டியது.

"உக்காந்து மண்ணு அள்ளவா நான் பொறந்தேன்?" என்றாள் ஜெயா. "நெஞ்சுல இருக்குறது ஆபத்தா இல்லையா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா நான் பாட்டுக்கு மலைக்குப் போறேன். ஆபத்துன்னா வீட்டுல கெடக்கேன். இப்பிடி நடுவுல நிக்க என்னால முடியாது."

"கவலப்படாத," என்றார் இருளப்பன். "நான் இருக்கேன்ல."

ஈப்போவில் டாக்டர் விக்னேஸ்வரி பொறுமைசாலி. அவர் கேள்விகளை ஜெயாவைப் பார்த்துக் கேட்டார். பதில்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தன.

"எப்ப ஆரம்பிச்சுது அம்மா?"

"பிப்ரவரி பதினாலு," என்றார் இருளப்பன்.

"எப்பெப்ப வரும்?"

"ஏறும்போது மட்டும். எறங்கும்போது வராது. ரெண்டு நிமிசம். ராத்திரில கெடையாது."

ஜெயா வாயைத் திறந்தாள், மூடினாள். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அது அவளுக்கு நன்றாகப் பழகிய உடற்பயிற்சி.

டாக்டர் எழுதிக்கொண்டார். இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்றார். "ஏறும்போது வந்து, நின்னா போயிடுது. மாசக்கணக்கா ஒரே மாதிரி. அவசரப்பட வேண்டிய வலி இல்ல, ஆனா விட்டுடவும் கூடாது. அம்மாவுக்கு முட்டி சரியில்ல, ஓடுற மெஷின்ல ஏத்த முடியாது. அதனால படம் எடுக்கணும். அதுல ரெண்டு மூணு வழி இருக்கு."

இருளப்பன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"சி.டி. ஸ்கேன்ல இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் எங்க சுருங்கியிருக்குன்னு தெரியும். நியூக்ளியர் ஸ்கேன்ல, ஊசி மருந்து போட்டு, இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்கா போய்ச் சேருதான்னு பாப்போம். மூணாவது ஆஞ்சியோகிராம், மணிக்கட்டு வழியா மெல்லிசு குழாய் விட்டு நேரா பாக்குறது. இந்த மாதிரி வலிக்கு மொதல்லயே அதுக்கு ஓட வேண்டியதில்ல. சி.டி.ல ஆரம்பிச்சவங்களும் நேரா அதுக்குப் போனவங்களும் சில வருசம் கழிச்சுப் பாத்தா ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்காங்க. குழாய் விடுறதுல சிக்கல் கொஞ்சம் கூடுதல்."

"புரிஞ்சு போச்சு," என்றார் இருளப்பன். "தாப்பாவுலேருந்து மேல வர்ற ரோட்டுல மண்ணு எங்க சரிஞ்சிருக்குன்னு ஹெலிகாப்டர்ல போயி பாத்தா, அது சி.டி. மேல கோலா தெர்லாவுல நின்னுக்கிட்டு, தோட்டத்துக்கு உர லோரி வந்து சேருதா இல்லையான்னு பாத்தா, அது நியூக்ளியர். நாமளே காடி எடுத்துக்கிட்டு அந்த ரோட்டுல எறங்கிட்டா, அது மூணாவது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அங்கள், இத நான் மத்தவங்களுக்குச் சொல்லலாமா?"

"தாராளமா."

இருளப்பனின் வாழ்க்கை வரலாற்றில் இதைவிட உயரமான இடம் வேறில்லை. இறக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

"எனக்குக் கேட்டா சி.டி.," என்றார் டாக்டர். "ஆனா நியூக்ளியரும் அம்மாவுக்குப் பொருத்தம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

"நாங்க கலந்து பேசிச் சொல்றோம்," என்றார் இருளப்பன். அந்த 'நாங்க'வில் ஜெயா சேர்த்தி இல்லை என்பது அன்று மாலையே தெரிந்தது. கலந்துரையாடல் சுக்கூர் பாய் கடையில் நடந்தது. ஜெயா வீட்டில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைத்தவர் சுக்கூர் பாயே. தே தாரேக் என்கிற பால் தேநீரை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றியபடி அவர் சொன்னார். "கங்காணி, கொழாய் விட்டுப் பாக்குறதுதான் பார்வை. என் மச்சானுக்கு தாப்பாவுல நெஞ்சு வலிச்சுச்சு. கையில ஓட்ட போட்டு உள்ள விட்டாங்க. அங்கயே அடைப்பக் கண்டு அங்கயே எடுத்துட்டாங்க. இப்ப ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறான்."

"மொத சம்சாரத்துக்குத் தெரியுமா பாய்?" என்றது மூலை மேசை.

"அவளுக்குத் தெரிஞ்சா மறுபடி கொழாய் விட வேண்டியிருக்கும்."

கோயில் தலைவர் சாம்பசிவம் இதை ஏற்கவில்லை. அவருக்குப் போன வருடம் சி.டி. எடுத்திருந்தார்கள். "சும்மா படுத்திருந்தேன். பெரிய மோதரம் மாதிரி ஒண்ணு. உள்ள போனேன், வெளிய வந்தேன், பத்து நிமிசம். நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குன்னுட்டாங்க. இதுக்குப் போயி ஏன்யா கையக் கிழிக்கிறீங்க?"

மூன்றாவதாக ஒரு பெருமகனார் தமக்கு எந்தப் பரிசோதனையும் செய்யாமலே நெஞ்சுவலி போய்விட்டதென்றும், ஆகவே அதுவே சிறந்த பரிசோதனை என்றும் வாதிட்டார். ஆக, அவரவருக்கு நடந்தது அவரவருக்கு மேலான முறை. நெஞ்சுக்குரிய ஜெயாவைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய முட்டியைப் பற்றி டாக்டராவது கேட்டிருந்தார்.

இருளப்பன் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தார் என்றால் அவருக்குள் ஒரு பெரிய சங்கடம் என்று அர்த்தம். குழாய் என்று சொன்னால் பாய் இரண்டு மணி நேரம் விளக்குவார். சி.டி. என்று சொன்னால் சாம்பசிவம் எழுந்து படுத்துக் காட்டுவார். எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு முன்னால் ஓர் ஆள் போயிருந்தான். நியூக்ளியர் மட்டும் காலியாக இருந்தது. ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரை ஒருவனும் அதைச் செய்துகொண்டதில்லை. அதைப் பற்றி அவர் சொல்வதே முதல் சொல், கடைசிச் சொல்லும் அதுவே.

"நியூக்ளியர்," என்றார் இருளப்பன்.

பாய் ஆற்றிக்கொண்டிருந்த தேயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார்.

இப்படியாக, மருத்துவ உலகம் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவரும் ஒரு சிக்கல், ஒரு தே தாரேக் ஆறும் நேரத்தில் தீர்ந்தது.

பரிசோதனைக்கு ஐந்து வாரம் கழித்து நாள் கிடைத்தது. அதற்கு முந்தின நாளுக்கான விதிமுறைகளை மலாயில் அச்சடித்து ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கோப்பி, தே, கொக்கோ, கோலா எதுவும் கூடாது. இருளப்பன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் சோதனை போட்டார். கொக்கோ கலந்த மைலோ டின் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. கோப்பித்தூள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. யாரோ கொடுத்துவிட்டுப் போன சாக்லேட்டை அவரே தின்று அழித்தார்.

பிற்பகல் நான்கு மணிக்கு ஜெயாவுக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு எட்டு கிளாஸ் தேத்தண்ணி குடிப்பவள் அவள். விடிகாலைக் குளிரில் ஒன்று, மலைக்குப் போகுமுன் ஒன்று, மலையில் பிளாஸ்க்கில் மூன்று. மிச்சம் மூன்றுக்கு நேரம் காலம் இல்லை. இரவு ஏழு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாய் தேத்தண்ணி இருந்தா போதும்," என்றாள். "ஆனா தே-ன்னும் போட்டிருக்காங்களே."

இருளப்பனுக்கு மனசு கேட்கவில்லை. இதைப் பதிவு செய்தாக வேண்டும். அடுத்து அவர் செய்ததைத் தலைக்கனத்தில் செய்தார் என்று ஊர் பேசுகிறது. முழுக்க அப்படி இல்லை. அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தலைக்கனம் வழிமுறையை மட்டுமே தந்தது.

"இந்தா பாரு," என்றார். "அவுங்க சொல்றது கடைத் தே. மொதத் தண்ணியில எறங்குற தே. தேயிலையில இருக்குற வேகம் மொதத் தண்ணியிலயே முக்காவாசி போயிடும். ரெண்டாந் தண்ணியில மிச்சம். மூணாந் தண்ணியில வெறும் கறை. நாலாந் தண்ணி சுடுதண்ணிக்குச் சட்ட போட்ட மாதிரி. நாப்பது வருசம் தேயிலையில கெடக்குற எனக்குத் தெரியாதா?"

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா?"

"அவுங்க நெஞ்சு டாக்டர் ஜெயா. தேயில டாக்டர் இல்ல."

துணி வடிகட்டியில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினார். முதல் தண்ணீரைக் கொட்டினார். இரண்டாவதைக் கொட்டினார். மூன்றாவதைக் கொட்டும்போது ஒரு நொடி தயங்கினார்; நல்ல தேயிலை, அவருடைய காட்டுக் கொழுந்து. நான்காவது தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்ப்பவர்போல உறிஞ்சி, தலையசைத்தார். ஜெயா இரண்டு கிளாஸ் குடித்தாள். அரை மணியில் தலைவலி நின்றது. தலைவலி ஏன் நின்றது என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

விடிகாலை மிச்சத்தைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தாப்பா இறக்கத்தின் வளைவுகளில் ஜெயா இன்னும் ஒரு கிளாஸ் குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஜெயாவின் கையில் ஊசி குத்தத் தயாராக இருந்த மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, வயது முப்பதுக்குள் இருக்கும். சட்டையில் ஃபாரா என்று பெயர் குத்தியிருந்தது. தாப்பாப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெண். தாளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, நேத்துலேருந்து கோப்பி, தே, மைலோ எதாச்சும் குடிச்சீங்களா?"

ஜெயா பொய் சொல்லத் தெரியாதவள். கணவனைப் பார்த்தாள்.

"குடிக்கல மிஸ்ஸி," என்றார் இருளப்பன். "நாலாந் தண்ணி மட்டும்தான்."

"என்னா தண்ணி?"

இருளப்பன் விளக்கினார். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, வேகம், கறை, நாற்பது வருட அனுபவம். மிஸ்ஸி ஃபாரா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"அங்கள், நாலாந் தண்ணியா இருந்தாலும் நாப்பதாந் தண்ணியா இருந்தாலும் தேயிலதானே?"

"ஆனா வேகம்..."

"எத்தன கிளாஸ் அம்மா?"

"மூணு," என்றாள் ஜெயா.

மிஸ்ஸி உள்ளே போய், வெளியே வந்தார். இன்று முடியாது என்றார்.

"கொஞ்சூண்டு இருந்தாலும் பரவால்லன்னு எடுத்துரலாமே மிஸ்ஸி," என்றார் இருளப்பன். "மலையிலேருந்து எறங்கி வந்திருக்கோம். படம் கொஞ்சம் மங்கலா வந்தாலும் நாங்க அட்ஜஸ் பண்ணிக்கிறோம்."

"மங்கலா வந்தா நாங்களே கண்டுபிடிச்சிருவோம் அங்கள். அதுவா பிரச்சின?" மிஸ்ஸி ஃபாரா குரலைத் தணித்தார். "நாங்க போடுற மருந்து ரத்தக் கொழாய விரிச்சு விடும். எந்தக் கொழாய் விரியலையோ அங்கதான் கோளாறுன்னு தெரியும். தேத்தண்ணில இருக்குறது அந்த மருந்த வேலை செய்ய விடாது. அப்ப என்னாகும்? கோளாறு இருந்தாலும் படத்துல தெரியாமப் போகலாம். படம் அழகா வரும். ஆனா பொய் சொல்லும். அம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பி வச்சிருவோம். அம்மா மலையேறப் போயிருவாங்க."

இருளப்பன் கையிலிருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினார்.

அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

மலையேறும் பாதையின் இருபத்தோராவது வளைவில் ஜெயா சொன்னாள்.

"விடுங்க. பேரிங்காத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. காடியை இரண்டாவது கியரிலேயே வெகுதூரம் ஓட்டினார்.

நாற்றுப்பண்ணையிலிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அறுபத்தொரு படிகள். ஜெயா மண் நிரப்பிவிட்டு வீட்டுக்கு ஏறும்போது இருளப்பன் இப்போது பின்னால் வந்தார். காவலுக்கு வருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. படி உடைந்திருக்கிறது, துரையிடம் சொல்ல வேண்டும் என்று பார்வையிடுபவர்போல வந்தார். முப்பத்தி நாலாவது படியில் அவள் நிற்பாள். தலைத்துண்டை அவிழ்ப்பாள். மறுநாளும் முப்பத்தி நாலு. அதற்கடுத்த நாளும் முப்பத்தி நாலு. மழை நாளிலும் அதே. மலையில் இத்தனை மாதம் இதைத்தான் அவர் பூச்சூட்டல் என்று கத்தியிருக்கிறார். இருபத்திரண்டு பேரில் யார் எந்தப் புதரில் கொழுந்தை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று நூறு அடி தூரத்திலிருந்து பார்க்கும் கண், இதை மட்டும் பார்த்திருக்கவில்லை.

பத்தாவது நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டாக்டர் விக்னேஸ்வரியே பேசினார். வலி கூடவில்லை, உட்கார்ந்திருக்கும்போது வரவில்லை என்று தெரிந்துகொண்டபின், "அடுத்த புதன் சி.டி.ல ஒருத்தர் வரல, எடம் இருக்கு. அனுப்பவா?" என்றார்.

"அனுப்புங்க டாக்டர்."

"நியூக்ளியர்தான் வேணும்னு சொன்னீங்களே அங்கள்."

"நீங்க எத அனுப்பினாலும் சரி டாக்டர்."

மறுமுனையில் டாக்டர், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "ஹலோ?" என்று இரண்டு முறை கேட்டார். இதுக்கும் தேத்தண்ணி கூடாது, இதயம் மெதுவாத் துடிச்சாத்தான் படம் நல்லா விழும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை இருளப்பன் வீட்டிலிருந்த தேயிலை டின்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுக்கூர் பாய் கடைக்குப் போனார்.

"பாய், இது நாளைக்கு ராத்திரி வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"என்னா கங்காணி, தோட்டத்துக்காரரே தேயிலைய அடகு வைக்கிறீங்க? சரி உக்காருங்க, தே ஓ போடவா?"

"சுடுதண்ணி குடுங்க."

பாய் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "உங்களுக்கும் டெஸ்ட்டா?"

"இல்ல. அவ குடிக்கல. நான் எப்பிடிக் குடிக்கிறது?"

அன்று மாலை கணவன் மனைவி இருவருக்கும் தலை இடித்தது. ஒரே சுவரோரம் உட்கார்ந்து, சுடுதண்ணீர் குடித்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒருவருக்கொருவர் எரிச்சலூட்டிக்கொண்டு கழித்தார்கள். லைனில் இதைப் பார்த்தவர்கள் கங்காணி ஏதோ விரதம் என்றார்கள். எந்தச் சாமிக்கு என்று கேட்டவனுக்கும் அவர் சுடுதண்ணீரே கொடுத்தார்.

சி.டி. ஸ்கேன், சாம்பசிவம் சொன்னபடியே இருந்தது. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, நாக்குக்கடியில் ஒரு ஸ்ப்ரே, கையில் ஊசி, பெரிய மோதிரம். வெளியே வந்த ஜெயா, "மருந்து ஏறினதும் ஒடம்பெல்லாம் சூடா ஓடுச்சுங்க. பாவாடையில ஒண்ணுக்குப் போயிட்டேனோன்னு பயந்துட்டேன். இல்ல," என்றாள். அந்தப் பரிசோதனை பற்றி ஒரு நோயாளி தந்த முதல்தர ஆய்வறிக்கை அது. சாம்பசிவம் இந்த விவரத்தை ஊரிடம் மறைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து டாக்டர் விக்னேஸ்வரி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இதயம், ஒரு கைப்பிடி இஞ்சி வேரைப் போல இருந்தது. அதன்மேல் கொடிகள் ஓடின.

"இந்தக் கொழாய் நல்லா இருக்கு. இதுவும் நல்லா இருக்கு. இங்க பாருங்க, இந்த எடத்துல பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. வலி இதனாலதான். வாயு இல்ல." டாக்டர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "உயிருக்கு இப்பவே ஆபத்துன்னு சொல்ற எடத்துல இல்ல. அது நல்ல விசயம். ரத்தம் கட்டாம இருக்க, கொழுப்பு கொறைய, வலி கொறைய, மூணு மாத்திர இன்னைக்கே ஆரம்பிக்கணும். விடக் கூடாது."

"மல?" என்றாள் ஜெயா.

"ஏறலாம். மெதுவா. வலி வந்தா நிக்கணும், நாக்குக்கடியில மாத்திர வைக்கணும். உக்காந்திருக்கும்போது வலி வந்தாலோ, நின்னும் போகலன்னாலோ, உடனே ஆஸ்பத்திரி. வேறெந்த யோசனையும் கூடாது." டாக்டர் கோப்பைத் திறந்தார். "இப்ப ஒரு முடிவு எடுக்கணும். மாத்திரையில கொஞ்ச மாசம் பாக்கலாம், அம்மா மாதிரி ஆளுங்களுக்கு அதுவே போதும்னு ஆகலாம். இல்லன்னா கொழாய் விட்டுப் பாத்து, தேவைன்னா அந்த எடத்த விரிச்சு விடலாம். ரெண்டும் தப்பில்ல. வலி அவுங்கள எவ்வளவு தடுக்குதுங்கறதப் பொறுத்து இருக்கு. மலையில மட்டுமா, வீட்டு வேலையிலயுமா, ராத்திரியில படுக்கும்போது பயமா இருக்கா, எதெல்லாம் செய்யாம விட்டுட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரியணும்."

கேட்டுவிட்டு, பதில் எந்த நாற்காலியிலிருந்து வரும் என்ற பழக்கத்தின்படி, டாக்டர் இருளப்பன் பக்கம் திரும்பினார். பேனா கோப்பின்மேல் தயாராக நின்றது. ஜெயாவும், பழக்கத்தின்படி, வாயைத் திறக்காமல் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் தொண்டையைக் கனைத்தார். திரையைப் பார்த்தார். சுருங்கிய இடத்தைப் பார்த்தார். பிறகு ஜெயாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது, டாக்டர்," என்றார். டாக்டருக்கே சரியாகக் கேட்காத குரல்.

அவர் எழுந்து, டாக்டருக்கும் ஜெயாவுக்கும் நடுவில் இருந்த தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார்.